வாத்தியாருக்கு ஃபைன் போட்ட மாணவர்கள்

மணி அடித்துவிட்டது. பேராசிரியர் இன்னும் நிறுத்தவில்லை. "ஒரே ஒரு பாயிண்ட்தான், முடிச்சிடறேன்" என்று இழுக்கிறார். மாணவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களில் ஒருவன் அமைதியாகக் குறித்துக்கொள்கிறான். பிறகு அந்தப் பேராசிரியருக்கு அபராதம் விழுகிறது. போட்டவர் பிரின்சிபாலும் இல்லை, ஹெச்.ஓ.டி.யும் இல்லை. மாணவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர்!

கேட்பதற்குக் கடைசி பெஞ்ச்காரன் கண்ட கனவு மாதிரி இருக்கும். ஆனால் இத்தாலியில் பொலோன்யா என்ற ஊரில் சுமார் எழுநூறு வருடங்களுக்கு முன்பு எழுதி வைத்த சட்டமே இப்படித்தான் இருந்தது. அங்கே மாணவர் சங்கம் என்பது ஆண்டு விழாவுக்கு ஸ்டேஜ் போடுகிற கமிட்டி இல்லை. பல்கலைக்கழகமே மாணவர் சங்கம்தான். வாத்தியார்கள் அவர்களிடம் வேலை பார்த்தார்கள்.

அது எப்படி வந்தது, ஏன் போனது என்பதுதான் இந்தக் கட்டுரை. வந்த கதையைவிடப் போன கதைதான் முக்கியம். காரணம், அந்த அதிகாரத்தை யாரும் கத்தி காட்டிப் பிடுங்கவில்லை.

கட்டிடம் இல்லாத பல்கலைக்கழகம்

பொலோன்யா பல்கலைக்கழகம் 1088-ல் தொடங்கியது என்பது வழக்கு. அந்த வருடத்தில் யாரும் ரிப்பன் வெட்டவில்லை. 1888-ல் எண்ணூறாவது ஆண்டு விழா கொண்டாடுவதற்காக, பின்னாளில் குறித்துக்கொண்ட வருடம் அது. உண்மையில் நடந்தது இவ்வளவுதான். இர்னேரியஸ் என்ற சட்ட ஆசிரியரும் அவருக்குப் பின் வந்தவர்களும் பழைய ரோமானியச் சட்டத்தைப் பாடம் நடத்தினார்கள். அது காதில் விழுந்து ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் கிளம்பி வந்தார்கள். 1140 வாக்கில் கிராஷியன் என்பவர் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தார். கூட்டம் இன்னும் அதிகமானது.

கேம்பஸ் கிடையாது. ஹாஸ்டல் கிடையாது. அட்மிஷன் ஆபீஸ் கிடையாது. வாத்தியார் தன் வீட்டிலோ, வாடகைக்குப் பிடித்த அறையிலோ பாடம் நடத்துவார். மாணவர்கள் தங்களுக்குள் காசு வசூலித்து அவருக்குக் கொடுப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு டியூஷன் சென்டர். இந்த டியூஷன் சென்டர் விஷயத்தை மறந்துவிடாதீர்கள், கடைசி வரைக்கும் வரும்.

வந்தவர்கள் ப்ளஸ் டூ முடித்த பையன்களும் இல்லை. சட்டம் படிக்க வந்தவர்களில் பலர் இருபதைத் தாண்டியவர்கள், வசதியான வீட்டுப் பிள்ளைகள், ஏற்கனவே தேவாலயப் பதவியில் இருந்து வருமானம் வாங்குகிறவர்கள். கையில் காசு, தலையில் சட்டம். இந்தக் காம்பினேஷன் எந்தக் காலத்திலும் ஆபத்தானது :-)

அடுத்தவன் கடனுக்கு நீ ஜெயிலுக்குப் போ

காசும் சட்டமும் இருந்தும் அவர்களிடம் இல்லாதது ஒன்று: குடியுரிமை.

அந்தக் காலத்து இத்தாலிய நகரங்களில் உள்ளூர்க்காரனுக்குத்தான் சட்டப் பாதுகாப்பு. வெளியூர்க்காரன் என்றால் ஏறக்குறைய அநாதை. அதிலும் ஒரு மோசமான வழக்கம் இருந்தது. ஜெர்மானிய வியாபாரி ஒருவன் பொலோன்யாக்காரனிடம் கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டால், ஊரில் கையில் சிக்குகிற இன்னொரு ஜெர்மானியனைப் பிடித்து அவன் பொருளைப் பறிமுதல் செய்யலாம். அந்த இன்னொருவன் பெரும்பாலும் ஒரு மாணவன். ஏமாற்றியவனின் முகத்தைக்கூட அவன் பார்த்திருக்க மாட்டான்.

1150-களில் பேரரசர் முதலாம் ஃபிரெடரிக் (பார்பரோசா, அதாவது செந்தாடிக்காரர்) இதைத் தடுத்து ஒரு ஆணை போட்டார். கல்விக்காகப் பயணம் செய்கிறவரை வேறு ஒருவருடைய கடனுக்காகப் பிடிக்கக் கூடாது. அவர் மீது வழக்கு வந்தால் தன் ஆசிரியர் முன்னாலோ ஆயர் முன்னாலோ விசாரணை கேட்கலாம். நல்ல ஆணைதான். ஆனால் பேரரசர் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம், ஹவுஸ் ஓனர் எதிர் வீட்டில்! தினசரிப் பிரச்சினைக்கு ஆணை உதவாது.

ஆகவே அவர்கள் அந்த ஊர் செருப்புத் தைப்பவர்களும் துணி வியாபாரிகளும் செய்ததையே செய்தார்கள். சங்கம் வைத்தார்கள். லத்தீனில் அதற்கு 'யுனிவர்சிட்டாஸ்' என்று பெயர். எல்லோரும் சேர்ந்த ஒரு கூட்டு என்பதைத் தவிர அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இல்லை. படிப்புக்கும் அந்தச் சொல்லுக்கும் முதலில் சம்பந்தமே கிடையாது. இன்று உலகம் முழுக்கப் பட்டத்தில் அச்சடிக்கிற 'யுனிவர்சிட்டி' என்ற வார்த்தை ஒரு யூனியனின் பெயர்தான்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. பொலோன்யா ஊர் மாணவர்களுக்கு இந்தச் சங்கத்தில் இடம் இல்லை. அவர்களுக்குத்தான் நகரத்தின் பாதுகாப்பு இருக்கிறதே! பேராசிரியர்களுக்கும் இடம் இல்லை. சங்கம் முழுக்க முழுக்க வெளியூர் மாணவர்களுடையது.

ரெக்டர் என்கிற மாணவன்

ஊர் வாரியாக, மொழி வாரியாக மாணவர்கள் 'தேசங்கள்' என்ற குழுக்களாகப் பிரிந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் இந்தக் குழுக்கள் இரண்டு பெரிய சங்கங்களாக நின்றன. ஆல்ப்ஸ் மலைக்கு இந்தப் பக்கத்து இத்தாலியர்கள் ஒன்று: ரோமானியர், தஸ்கானியர், லொம்பார்டியர். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இன்னொன்று: பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கில, ஹங்கேரிய, போலந்து, ஜெர்மன் என்று நீளமான பட்டியல். ஜெர்மன் தேசத்துக்குத் தனிச் சலுகைகள் உண்டு. அதன் பதிவேட்டில் 1496-ல் சேர்ந்த ஒரு மாணவரின் பெயர் கோப்பர்நிக்கஸ். சட்டம் படிக்கத்தான் வந்தார். அப்புறம் சூரியனை நடுவில் வைத்தது தனிக்கதை.

ஒவ்வொரு தேசமும் தன் ஆலோசகர்களைத் தேர்ந்தெடுக்கும். ஒவ்வொரு சங்கத்துக்கும் தலைவராக ஒரு ரெக்டர், அவரும் மாணவரே. தகுதிகளைப் பாருங்கள்: குறைந்தது இருபத்து நான்கு வயது ஆகியிருக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது, திருச்சபை உடை அணிகிறவராக இருக்க வேண்டும், சொந்தச் செலவில் ஐந்து வருடம் சட்டம் படித்திருக்க வேண்டும்.

இந்தியாவில் 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட லிங்டோ கமிட்டி பரிந்துரைகளோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாணவர் தேர்தலில் நிற்கிறவருக்கு 75 சதவீத அட்டெண்டன்ஸ் வேண்டும், அந்த வருடம் அரியர் இருக்கக் கூடாது, 5000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது. பொலோன்யாவில் நேர்மாறு. ரெக்டர் ஆனால் ஆடம்பரமாக வாழ வேண்டும், விருந்து வைக்க வேண்டும், ஊர்வலத்தில் முன்னால் நடக்க வேண்டும். பணக்காரன் அல்லாதவனுக்கு அந்தப் பதவி கட்டுப்படியாகாது. இதுவும் பின்னால் ஒரு காரணமாக வந்து நிற்கும்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால்...

மாணவர் சங்கம் போட்ட விதிகளில் இன்று முழுமையான வடிவத்தில் கிடைக்கும் பழைய தொகுப்பு 1317-ஐச் சேர்ந்தது. அரியர் வைத்த யாரும் இதைப் படித்தால் கண்ணீர் விடுவார்கள்.

ஒன்று. பேராசிரியர் ஒவ்வொருவரும் மாணவ ரெக்டருக்குக் கீழ்ப்படிவதாகச் சத்தியம் செய்ய வேண்டும்.

இரண்டு. அனுமதி இல்லாமல் ஒரு நாள்கூட லீவ் எடுக்கக் கூடாது. ஊரைவிட்டு வெளியே போவதென்றால் திரும்பி வருவதற்கு உத்தரவாதமாகப் பணம் கட்டிவிட்டுப் போக வேண்டும்.

மூன்று. மணி அடித்ததும் பாடத்தைத் தொடங்க வேண்டும், அடுத்த மணிக்கு முடிக்க வேண்டும். முடிந்த பிறகும் உட்கார்ந்திருக்கும் மாணவனுக்கும் அபராதம் உண்டு! (முதல் பெஞ்ச்காரர்கள் கவனிக்கவும்.)

நான்கு. பாடத்தில் எந்த அத்தியாயத்தையும் தாண்டிப் போகக் கூடாது. கஷ்டமான கேள்வியை "கடைசியில பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைக்கக் கூடாது.

ஐந்து. பாடநூல் சிறு சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். எந்தப் பகுதியை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று முதலிலேயே குறித்திருப்பார்கள். தேதி தவறினால் அபராதம். "போர்ஷன் முடியலைப்பா, ஸ்பெஷல் கிளாஸ் வெச்சுக்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆறு. வழக்கமான வகுப்புக்கு ஐந்து பேராவது வரவில்லை என்றால், ஆசிரியரே வராததாகக் கணக்கு. அதற்கும் அபராதம். அட்டெண்டன்ஸ் ஷார்ட்டேஜ் மாணவனுக்கு இல்லை, வாத்தியாருக்கு!

இதையெல்லாம் எப்படி வசூலிப்பது? அதற்கும் ஏற்பாடு இருந்தது. வருட ஆரம்பத்தில் பேராசிரியர் ஒரு தொகையை டெபாசிட்டாகக் கட்ட வேண்டும். அபராதங்கள் அதிலிருந்து கழியும். நம் ஊர் காலேஜ்களில் மாணவனிடம் காஷன் டெபாசிட் வாங்குவார்களே, அது அங்கே அப்படியே தலைகீழ். யார் லேட்டாக வந்தார், யார் அத்தியாயத்தைத் தாண்டினார் என்று கண்காணித்து ரெக்டரிடம் சொல்வதற்கு மாணவர்களையே நியமித்திருந்தார்கள்.

சட்டத்தில் எழுதியதெல்லாம் தினமும் அப்படியே நடந்திருக்கும் என்று நம்ப வேண்டியதில்லை. 'புல்தரையில் நடக்காதீர்' என்ற போர்டு எங்கும்தான் இருக்கிறது. ஆனால் யார் யாருக்கு விதி போட்டார்கள் என்பதில் சந்தேகம் இல்லை.

ஹவுஸ் ஓனரும் ஜெராக்ஸ் கடையும்

சங்கம் வகுப்பறையோடு நிற்கவில்லை. மாணவன் செலவு செய்கிற இடமெல்லாம் அதன் கண் இருந்தது.

வாடகை நிர்ணயிக்க ஒரு குழு இருந்தது. நகரத்தின் தரப்பிலும் மாணவர் தரப்பிலும் ஆட்கள் உட்கார்ந்து வீட்டுக்கு விலை வைப்பார்கள். அதற்கு மேல் கேட்கிற ஓனர் வீட்டை சங்கம் ஒதுக்கிவைத்துவிடும். எந்த மாணவனும் அங்கே குடி போகக் கூடாது. வெளியூர் மாணவர்களை நம்பியே வீடு கட்டிவிட்ட ஊரில் இது சாதாரண அடி இல்லை.

அடுத்து புத்தகம். அச்சு வராத காலம். கையால் நகல் எடுக்க வேண்டும். அதற்கென்று கடைக்காரர்கள் இருந்தார்கள். திருத்தமான மூலப் பிரதியைத் தனித்தனிக் கட்டுகளாகப் பிரித்து வாடகைக்கு விடுவார்கள். மாணவன் ஒரு கட்டை எடுத்துப்போய் நகல் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்து, அடுத்த கட்டை வாங்குவான். ஒரே நேரத்தில் பல பேர் ஒரே புத்தகத்தை நகல் எடுக்க முடியும். பரீட்சைக்கு முந்தைய நாள் ஜெராக்ஸ் கடையில் நோட்ஸைப் பிரித்துக் கொடுப்பது போலத்தான். அந்தக் கட்டுகளின் வாடகையையும் சங்கமே நிர்ணயித்தது. பிரதியில் பிழை இருக்கிறதா என்று பார்ப்பதற்கும் மாணவர்கள் இருந்தார்கள்.

ஆயுதம்: மூட்டை கட்டுவது

சரி, ஊர் ஏன் இதற்கெல்லாம் தலையாட்டியது? இந்தப் பையன்களிடம் படை இருந்ததா?

இல்லை. மூட்டை இருந்தது.

கட்டிடம் இல்லை, லேப் இல்லை, லைப்ரரி இல்லை என்பது குறையாகத் தெரியும். ஆனால் அதுதான் அவர்கள் பலம். எதுவும் இல்லாதவன் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஊரோடு சண்டை முற்றினால் மாணவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள், சில வாத்தியார்களும் கூடவே. 1204-ல் விச்சென்சாவுக்குப் போனார்கள். 1215-ல் அரெஸ்ஸோவுக்குப் போனார்கள். 1222-ல் படுவாவுக்குப் போனவர்கள் அங்கேயே வேர்விட்டார்கள். இன்று புகழ்பெற்று விளங்கும் படுவா பல்கலைக்கழகம் பிறந்தது அப்படித்தான், ஒரு வெளிநடப்பில்.

இதன் உச்சம் 1228-ல் நடந்தது. படுவாவிலிருந்த மாணவர்களின் ரெக்டர்கள் வெர்செல்லி என்ற நகரத்தோடு ஒரு ஒப்பந்தம் எழுதினார்கள். அசல் வியாபார ஒப்பந்தம். 'எங்கள் கூட்டம் உங்கள் ஊருக்கு வரும். நீங்கள் 500 நல்ல வீடுகள் ஒதுக்க வேண்டும், வாடகைக்கு உச்சவரம்பு வேண்டும், மாணவர்களுக்குக் கடன் வசதி வேண்டும், பேராசிரியர்களுக்கு நகரமே சம்பளம் கொடுக்க வேண்டும்.' ஒரு தொழிற்சாலை வருவதற்கு மாநில அரசுகள் போட்டி போட்டுச் சலுகை கொடுப்பது போல, ஒரு மாணவர் கூட்டத்துக்காக நகரங்கள் போட்டி போட்ட காலம்!

அந்த ஒப்பந்தத்தின் கடைசி ஷரத்தை இன்னொரு முறை படியுங்கள். மாணவர்களே கேட்டு வாங்கியது.

பொலோன்யா நகரம் சும்மா இருக்கவில்லை. பேராசிரியர்களிடம் ஊரைவிட்டுப் போக மாட்டோம் என்று சத்தியம் வாங்கியது. கல்விக்கூடத்தை வேறு ஊருக்கு மாற்றச் சதி செய்தால் மரண தண்டனை வரை போகும் என்று சட்டம் போட்டது. 1217 முதல் நடந்த ஒரு தகராறில் போப் மூன்றாம் ஹொனோரியஸ் மாணவர்கள் பக்கம் நின்றார். நகரத்துக்கு அடிபணிந்து சத்தியம் செய்வதைவிட ஊரைவிட்டுப் போவதே மேல் என்பது அவர் நிலை. 1321-ல் ஒரு பெண்ணைக் கடத்திய குற்றத்துக்காக மாணவன் ஒருவனுக்கு நகரம் மரண தண்டனை நிறைவேற்றியபோது, மாணவர்கள் மறுபடி மூட்டை கட்டினார்கள், இந்த முறை சியெனாவுக்கு. அந்தப் பெண்ணின் தரப்பில் யார் பேசினார்கள் என்று கேட்டால் சங்கத்திடம் பதில் இல்லை. தன் ஆள் செய்தது சரியா தவறா என்பதைவிட, தன் ஆள் என்பதே முக்கியமாகிவிடுகிற நோய் சங்கங்களுக்கு அன்றும் இருந்தது.

கைக்கு எட்டாத ஒன்று

இவ்வளவு அதிகாரத்திலும் ஒரு கதவு மட்டும் மாணவர்களுக்குத் திறக்கவில்லை. பரீட்சை.

பேராசிரியர்கள் தங்களுக்கென்று தனிக் குழு வைத்திருந்தார்கள். யாருக்குப் பட்டம், யாருக்கு இல்லை என்பது அவர்கள் முடிவு. 1219-ல் போப் ஹொனோரியஸ் அதற்கு மேல் இன்னொரு பூட்டும் போட்டார். பொலோன்யாவின் ஆர்ச்டீக்கன் என்ற திருச்சபை அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் யாரும் பட்டம் வாங்க முடியாது என்றார்.

மாணவன் வாத்தியாரை நியமிக்கலாம், அபராதம் போடலாம், துரத்தலாம். ஆனால் தன்னைத் தானே பாஸ் போட்டுக்கொள்ள முடியாது. யோசித்தால் நியாயம்தான். அப்படி ஒரு பட்டத்தை வெளியே எவன் மதிப்பான்?

சம்பளத்தை நீங்களே கொடுங்களேன்

இப்போது போன கதை.

பேராசிரியர்களுக்குக் காசு வசூலிப்பது எப்போதுமே தலைவலி. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஓடோஃப்ரெடஸ் என்ற புகழ்பெற்ற சட்ட ஆசிரியர், வருடக் கடைசி வகுப்பில் மாணவர்களிடம் நேராகவே சொல்லிவிட்டார்: அடுத்த வருடம் வழக்கமான வகுப்பு உண்டு, கூடுதல் வகுப்பு கிடையாது, ஏனென்றால் நீங்கள் ஒழுங்காகக் காசு கொடுப்பதில்லை என்று. எல்லோருக்கும் படிக்க ஆசை, ஃபீஸ் கட்ட மட்டும் மனசு வராது என்பது அவர் வருத்தம். எந்த டியூஷன் மாஸ்டரும் இன்றைக்கும் தலையாட்டுவார்.

1280 வாக்கில் மாணவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஸ்பெயினைச் சேர்ந்த ஒரு திருச்சபைச் சட்ட ஆசிரியரை 150 லிரா சம்பளத்துக்குப் பேசி முடித்தார்கள். பணத்தை நகரம் கொடுக்கட்டும் என்று கேட்டார்கள். நகரமும் சரி என்றது. ஏன் சொல்லாது? நல்ல வாத்தியார் இருந்தால் மாணவர்கள் இருப்பார்கள். மாணவர்கள் இருந்தால் வாடகை, சாப்பாடு, துணி, வட்டி என்று ஊரே பிழைக்கும். ஊர் கஜானாவிலிருந்து 150 லிரா கொடுப்பது நல்ல முதலீடு.

யாருக்கும் இதில் நஷ்டம் தெரியவில்லை. மாணவர்களுக்குக் காசு மிச்சம். வாத்தியாருக்கு மாதம் பிறந்தால் கவலை இல்லை. நகரத்துக்கு வியாபாரம். முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கிற உரிமையும் மாணவர்களிடமே இருந்தது. வேறென்ன வேண்டும்?

பிறகு இன்னொரு பதவிக்கும் நகரம் சம்பளம் கொடுத்தது. பிறகு இன்னும் சில. பதினான்காம் நூற்றாண்டில் பெரும்பாலான பேராசிரியர்கள் நகரத்திடம் சம்பளம் வாங்குகிறவர்களாகிவிட்டார்கள். சம்பளம் கொடுக்கிறவன் ஒரு நாள் கேட்கத்தானே செய்வான்: காசு என்னுடையது, ஆள் ஏன் உன்னுடையவன்? கல்வியை மேற்பார்வையிட நகரம் ஒரு குழு வைத்தது. நியமனம் கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் கைக்குப் போனது. மாணவர் வாக்கெடுப்பு சடங்காகி, பிறகு அதுவும் தேய்ந்தது.

வாத்தியாரின் பார்வையில் பாருங்கள். நேற்று வரை ரெக்டர் முகம் சுளித்தால் சாப்பாடு போய்விடும். இன்று ரெக்டர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும், சம்பளம் நகர மன்றத்திலிருந்து வருகிறது. கீழ்ப்படிகிற சத்தியம் புத்தகத்தில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

காமர்ஸ் படிக்கிற எவருக்கும் இது புதிதல்ல. கம்பெனியில் ஓட்டு ஷேர்ஹோல்டருக்கு. ஷேரை விற்றுவிட்டு, மீட்டிங்கில் ஓட்டு மட்டும் வேண்டும் என்றால் எப்படி? பொலோன்யா மாணவர்கள் தங்கள் ஷேரை விற்றார்கள். நல்ல விலைக்கே விற்றார்கள். எதை விற்றோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை.

இழந்தது நல்லதுக்கா?

ஒரு நியாயமான கேள்வி உண்டு. இந்த மாணவர் ஆட்சி போனதற்கு அழ வேண்டுமா?

அது யாருடைய ஆட்சி என்று பார்த்தால் உற்சாகம் கொஞ்சம் குறையும். அது வெளியூர்ப் பணக்கார ஆண்களின் ஆட்சி. ஊர் மாணவனுக்கு இடம் இல்லை. மருத்துவமும் கலைப் பாடங்களும் படித்தவர்கள் நெடுங்காலம் சட்ட மாணவர் சங்கங்களுக்குக் கீழே இருந்தார்கள். 1316-ல்தான் அவர்கள் சங்கத்துக்குத் தனி அங்கீகாரம் கிடைத்தது. பெண்களைப் பற்றிப் பேச்சே இல்லை. லாரா பாஸ்ஸி பொலோன்யாவில் பட்டம் பெற்றுப் பேராசிரியரானது 1732-ல், மாணவ ரெக்டர்களின் காலமெல்லாம் முடிந்த பிறகு.

ஐந்து பேர் வராவிட்டால் அபராதம் என்ற விதியையும் திருப்பிப் பார்க்கலாம். கூட்டம் சேர்க்கிற வாத்தியார் பிழைப்பார். யாருக்கும் பிடிக்காத, ஆனால் தேவையான பாடத்தை நடத்துகிறவர் கதி? நகரம் நிலையான சம்பளம் கொடுத்ததால் ஆசிரியருக்கு ஒரு மரியாதை வந்தது. மாணவன் மனம் கோணாமல் நடக்க வேண்டிய கட்டாயம் போனது. இதெல்லாம் லாபக் கணக்கில் எழுத வேண்டியவைதான்.

ஆனால் நஷ்டக் கணக்கும் உண்டு. வகுப்பு நேரம், போர்ஷன், வாடகை, புத்தக விலை, இவை எல்லாம் படிக்கிறவன் பேசித் தீர்க்க வேண்டிய விஷயங்கள் என்ற எண்ணமே மறைந்துபோனது. இவற்றை வேறு யாரோ தீர்மானிப்பார்கள், மாணவன் வாங்கிக்கொள்வான் என்பது இயல்பாகிவிட்டது.

பாரிஸ் வழியாக மெட்ராஸ்

ஐரோப்பாவின் இன்னொரு பழைய பல்கலைக்கழகமான பாரிஸில் சங்கம் வைத்தது ஆசிரியர்கள். அங்கே மாணவர்கள் வயதில் சின்னவர்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் எல்லாம் பாரிஸ் பாணி. நம் ஊருக்கு வந்தது அதற்கும் அடுத்த வடிவம். 1857-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் பல்கலைக்கழகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தை மாதிரியாக வைத்து அமைத்தார்கள். அன்று அவை பாடமே நடத்தவில்லை. கல்லூரிகள் நடத்தும், பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுக்கும்.

இதில் ஒரு வேடிக்கை. பொலோன்யா மாணவர் சங்கத்தின் கையில் பரீட்சை தவிர எல்லாம் இருந்தது. மெட்ராஸில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் கையில் பரீட்சை மட்டும்தான் இருந்தது. 'யுனிவர்சிட்டி' என்ற அதே சொல், அறுநூறு சொச்சம் வருடத்தில் அப்படியே குட்டிக்கரணம் போட்டுவிட்டது.

பொலோன்யாவின் வாசனை இன்னும் ஒட்டியிருக்கிற இடம் ஸ்காட்லாந்து. கிளாஸ்கோ பல்கலைக்கழகம் 1451-ல் போப் ஐந்தாம் நிக்கோலஸின் ஆணையால் பிறந்தது. அவர் பொலோன்யாவில் படித்தவர், அங்கே ஆயராகவும் இருந்தவர். பொலோன்யாவுக்கு இருந்த உரிமைகளையே புதிய பல்கலைக்கழகத்துக்கும் கொடுத்தார். அங்கே ரெக்டரை இன்றும் மாணவர்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1962-ல் தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலியைத் தேர்ந்தெடுத்தார்கள். 2014-ல் ரஷ்யாவில் தஞ்சம் புகுந்திருந்த எட்வர்ட் ஸ்னோடனைத் தேர்ந்தெடுத்தார்கள். அழகான விஷயம். ஆனால் ஸ்னோடனால் எந்தப் பேராசிரியருக்கும் ஃபைன் போட முடியாது :-)

ஃபீஸ் கட்டுகிறோமே, பிறகென்ன?

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். காசு கொடுக்கிறவனுக்கு அதிகாரம் என்றால், இன்று தனியார் கல்லூரிகளில் லட்சக் கணக்கில் ஃபீஸ் கட்டுகிற மாணவனுக்கு ஏன் ஒன்றும் இல்லை?

காரணம், பொலோன்யாவில் இருந்தது காசு மட்டும் இல்லை. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் எழுதிய ஒரு புகழ்பெற்ற நூலில் இதைப் பிரித்துக் காட்டினார். ஒரு அமைப்பு பிடிக்கவில்லை என்றால் இரண்டு வழி: வெளியேறுவது அல்லது குரல் கொடுப்பது. வெளியேற முடியும் என்று எதிராளிக்குத் தெரிந்தால்தான் பல நேரம் குரலுக்கு மரியாதை. பொலோன்யா மாணவனால் வெளியேற முடியும், அதுவும் கூட்டமாக. இன்றைய மாணவன் முதல் வருட ஃபீஸைக் கட்டி, சர்டிபிகேட்டுகளை ஆபீஸில் கொடுத்துவிட்டான் என்றால், மூன்று வருடத்துக்கு எங்கே போவான்? தனியாகப் போனால் ஒரு சீட் காலி, அவ்வளவுதான். கூட்டமாகப் போவதற்கு விச்சென்சாவும் இல்லை, படுவாவும் இல்லை.

பொலோன்யாவின் கதையும் கடைசியில் ஒரு கட்டிடத்தில்தான் போய் முடிகிறது. அதுவரை ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்த வகுப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவர, போப்பின் ஆட்சியில் 1562-63-ல் ஆர்க்கிஜின்னாசியோ என்ற அரண்மனை மாதிரியான கட்டிடம் எழும்பியது. அழகான முற்றம், தூண்கள், உடற்கூறு பாடத்துக்கு மரத்தால் ஆன அரங்கு. இனி வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டாம். இனி மூட்டை கட்டவும் முடியாது. ரெக்டர் பதவிக்கு ஆகும் செலவைத் தாங்கும் ஆளும் குறைந்துகொண்டே வந்தது. அதிகாரம் இல்லாத பதவிக்கு யார் சொந்தக் காசை இறைப்பார்கள்?

அந்தக் கட்டிடத்தின் சுவர்களிலும் கூரைகளிலும் சுமார் ஆறாயிரம் குலச் சின்னங்கள் வரைந்திருக்கின்றன. அங்கே படித்த மாணவர்களின், அவர்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களின் சின்னங்கள். சிங்கம், கழுகு, கோபுரம், நட்சத்திரம், ஊர்ப் பெயர்கள். 1944 ஜனவரியில் குண்டுவீச்சில் கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்தது. பிறகு கவனமாகத் திரும்பக் கட்டினார்கள். இப்போது அது நகர நூலகம். சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

வாத்தியாரிடம் சத்தியம் வாங்கிய காலத்தில் மாணவர்களுக்குப் பெயர் எழுத ஒரு சுவர்கூடச் சொந்தமாக இல்லை. அதிகாரம் போன பிறகு சுவர் முழுக்கப் பெயர் கிடைத்தது.

அடுத்த முறை காலேஜில் 'மாணவர் பிரதிநிதி' என்று பேட்ஜ் குத்திவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், தப்பில்லை. கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். வாத்தியார் சம்பளம், ஹாஸ்டல் வாடகை, எக்ஸாம் ஃபீஸ், இந்த மூன்றில் எதைப் பற்றியாவது ஒரு மீட்டிங்கில் உங்களை உட்கார வைப்பார்களா என்று.